வாகன விற்பனையக ஒளிப்படக் கூடம்

வாகன விற்பனையக ஒளிப்படக் கூடம் என்பது, கார் எனப் பொதுவாக வழங்கும் தானுந்துகளை விற்கும் ஒரு விற்பனையகம், தன் கையிருப்பில் உள்ள ஒவ்வொரு வண்டியையும் ஒரே சீரான ஒளியிலும் பின்னணியிலும் ஒளிப்படம் எடுப்பதற்காகத் தன் வளாகத்திலேயே அமைத்துக்கொள்ளும் அறை ஆகும். புதிய மாதிரி ஒன்றின் விளம்பரத்துக்காகப் பல நாள் உழைத்துப் படமெடுக்கும் பெரிய படப்பிடிப்புத் தளங்களிலிருந்து இது வேறுபட்டது. இங்கு நாள்தோறும் பல வண்டிகள் வந்து போகும். ஒரு வண்டிக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. ஆகவே ஒளியும் படக்கருவியும் ஒருமுறை நிலையாகப் பொருத்தப்பட்டு, வண்டிகள் மட்டும் மாறிக்கொண்டிருக்கும்படி இக்கூடம் வடிவமைக்கப்படுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் பயன்படுத்திய தானுந்து வணிகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

தேவை

ஒரே மாதிரியைச் சேர்ந்த புதிய வண்டிகள் ஒன்றுபோலவே இருப்பதால், தயாரிப்பு நிறுவனம் தரும் படமே அவற்றுக்குப் போதுமானது. பயன்படுத்திய வண்டி அவ்வாறன்று. ஒரே ஆண்டில், ஒரே ஆலையில், ஒரே நிறத்தில் உருவான இரு வண்டிகளும் ஐந்து ஆண்டுகள் ஓடிய பின் இரு வேறு பொருள்கள். ஒன்றின் இருக்கை கிழிந்திருக்கும். மற்றொன்றின் கதவில் நெளிவு இருக்கும். எனவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே படம் தேவைப்படுகிறது.

இணையத்தில் வண்டி விற்பது 1990களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. 1997இல் சோனி நிறுவனம் வெளியிட்ட மாவிக்கா வரிசைப் படக்கருவிகள், 640 × 480 படப்புள்ளிகள் கொண்ட படத்தை நேரடியாகக் கணினியின் 3.5 அங்குல நெகிழ்வட்டில் சேமித்தன. இன்றைய கண்ணுக்கு அப்படங்கள் மிகச் சிறியவை. ஆயினும் படச்சுருளைக் கழுவக் கொடுத்துக் காத்திருக்கும் வேலை அவற்றால் இல்லாமற் போனது. 2012இல் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தொடங்கப்பட்ட கார்வானா போன்ற நிறுவனங்கள், வாங்குபவர் வண்டியை நேரில் பார்க்காமலேயே வாங்கும் முறையை முன்வைத்தன. அந்நிறுவனம் வண்டியை எல்லாத் திசைகளிலிருந்தும் சுழற்றிப் பார்க்கும் படத்தொகுப்பையும், ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரும் வசதியையும் வழங்குகிறது. வண்டியைத் தொட்டுப் பார்த்து, கதவைத் தட்டிப் பார்த்து வாங்கிய காலத்தில் படம் ஓர் அழைப்பிதழாக மட்டுமே இருந்தது. நேரில் பாராமல் வாங்கும்போது படமே சான்று ஆகிவிடுகிறது.

விற்பனையகத்தின் பக்கம் வேறொரு அவசரமும் உண்டு. அமெரிக்க விற்பனையகங்கள் பல, கையிருப்பு வண்டிகளைக் கடன் வாங்கியே கொள்முதல் செய்கின்றன. வண்டி விற்கும்வரை அக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பழுது பார்த்துக் கழுவி முடித்த வண்டி, மழை நிற்கட்டும், வெயில் தாழட்டும் என்று படத்துக்காகக் காத்து நின்றால் அத்தனை நாட்களுக்கும் வட்டி கட்ட வேண்டும். வானிலையைச் சாராத ஒரு கூடத்துக்குச் செலவிட விற்பனையகங்கள் முன்வருவதற்கு இதுவே முதன்மையான காரணம். படத்தின் அழகு இரண்டாவதே.

மின்னும் பரப்பின் சிக்கல்

எவர்சில்வர் குடம் ஒன்றைப் படமெடுக்க முயன்றவர் எவரும், குடத்தை விடத் தன் முகமும் அறையின் சன்னலுமே அதில் தெரிவதைக் கண்டிருப்பர். தானுந்தும் ஏறத்தாழ அத்தகைய பொருளே. அதன் நிறப்பூச்சின் மீது ஒளி ஊடுருவும் மேற்பூச்சு ஒன்று உள்ளது. நிறம் கீழ்ப்பூச்சிலிருந்து எல்லாத் திசைகளிலும் சிதறி வருகிறது. பளபளப்போ மேற்பூச்சிலிருந்து ஆடியில் தெறிப்பதுபோல் ஒரே திசையில் வருகிறது. படுகோணமும் தெறிகோணமும் சமம் என்னும் பள்ளிப்பாட விதியே இக்கூடத்தின் வடிவமைப்பை முழுவதும் தீர்மானிக்கிறது எனலாம்.

வண்டியின் உடல் வளைந்த ஆடி என்பதால், கூரையிலும் பக்கங்களிலும் உள்ள ஒவ்வொரு பொருளும் எங்காவது ஓரிடத்தில் அதில் தெரியும். சிறிய விளக்குகள் பல இருந்தால், அத்தனையும் வெண்புள்ளிகளாகப் பூச்சின் மீது சிதறிக் கிடக்கும். விளக்கைத் தொலைவுக்கு நகர்த்தினால் இக்குறை நீங்கும் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் நீங்காது. ஆடியில் தெரியும் விளக்கின் பிம்பம் தொலைவு கூடும்போது சிறிதாகுமே தவிர, அதன் பொலிவு குறைவதில்லை. ஆகவே விளக்கைப் பெரிதாக்குவதே தீர்வு. வண்டியை விட நீளமான, ஒரே சீராக ஒளிரும் வெண்பரப்பு ஒன்று மேலே இருந்தால், அதன் பிம்பம் வண்டியின் தோள்வரி நெடுகத் தடையின்றி ஓடும் ஒரே கோடாக விழுகிறது. அக்கோடு வளையும் இடத்தில் உடலின் வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. அக்கோடு நெளியும் இடத்தில் பூச்சில் ஒரு நெளிவு இருக்கிறது என்று பொருள். நெளிவு நீக்கும் தொழிலாளர்கள் கோடிட்ட விளக்குப் பலகையைப் பிடித்துப் பார்ப்பதும் இதே கருத்தின் அடிப்படையில்தான்.

நிறத்தைப் பொறுத்துச் சிக்கல் மாறுகிறது. கறுப்பு வண்டியில் கீழ்ப்பூச்சிலிருந்து வரும் ஒளி மிகக் குறைவு. அதில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தெறிப்பு மட்டுமே. எனவே கூடத்தின் ஒவ்வொரு குறையையும் அது காட்டிக்கொடுக்கும். படமெடுப்பவர் கறுப்பு உடை அணியும் வழக்கம் இதனால் வந்தது. வெள்ளை வண்டியின் தொல்லை நேர்மாறானது: வெண்பின்னணியில் அதன் விளிம்பு கரைந்துவிடும். இதற்குப் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே, இருபுறமும் கறுப்புத் துணிப் பட்டைகள் நிறுத்தப்படுகின்றன. அவற்றின் பிம்பம் வண்டியின் ஓரங்களில் மெல்லிய கருங்கோடாக விழுந்து வடிவத்தைப் பிரித்துக் காட்டுகிறது. வெள்ளை வண்டிக்கு ஒளியைக் கூட்டிக்கொண்டே போவது புதியவர்கள் செய்யும் தவறு. அங்கு வேண்டியது இருள்.

இடமும் அளவும்

கூடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கட்டடம் பார்ப்பதற்கு முன்பே கணக்கிட்டு அறியலாம். டொயோட்டா காம்ரி போன்ற நடுத்தர வண்டி ஏறத்தாழ 4.9 மீட்டர் நீளமும் 1.84 மீட்டர் அகலமும் உடையது. 36 மில்லிமீட்டர் அகல உணரி கொண்ட படக்கருவியில், வண்டி படத்தின் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 28.8 மில்லிமீட்டரை நிரப்ப வேண்டும் எனக் கொள்வோம். குவியத்தூரத்தைப் பொருளின் நீளத்தால் பெருக்கி, பிம்பத்தின் நீளத்தால் வகுத்தால் தேவையான தொலைவு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு இது 8.5 மீட்டர், 35 மில்லிமீட்டர் வில்லைக்கு ஏறத்தாழ 6 மீட்டர், 24 மில்லிமீட்டர் வில்லைக்கு 4.1 மீட்டர் மட்டுமே.

இடம் சிறிதாக இருந்தால் அகலக்கோண வில்லையைப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இக்கணக்கைப் பார்த்ததும் தோன்றும். ஆனால் நான்கு மீட்டர் தொலைவிலிருந்து சாய்வாகப் பார்க்கையில் வண்டியின் முன்மூலை மிக அருகிலும் பின்மூலை அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான தொலைவிலும் அமைவதால், மூக்கு பெருத்து வால் சிறுத்த வண்டி ஒன்று படத்தில் கிடைக்கும். இது வில்லையின் குறையன்று, நிற்கும் தொலைவின் விளைவு. எனவே 50 மில்லிமீட்டரை ஒட்டிய குவியத்தூரத்துக்கு இடம் ஒதுக்குவதே நலம். 1.5 மடங்கு சிறிய உணரி கொண்ட கருவிகளில் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் வில்லை இதே காட்சியைத் தரும்.

வண்டியைச் சுழற்ற வேண்டுமானால் அதன் மூலைவிட்டமே கணக்கில் வரும். மேற்கண்ட வண்டிக்கு அது 5.2 மீட்டர். படக்கருவியின் தொலைவு, வண்டியின் பாதி அகலம், மூலைவிட்டத்தின் பாதி, பின்சுவர் வரை இரண்டு மீட்டர் இடைவெளி ஆகியவற்றைக் கூட்டினால் கூடத்தின் நீளம் 14 மீட்டரை எட்டுகிறது. அகலம் 9 மீட்டர் இருந்தால் இருபுறமும் விளக்குக்கும் நடமாட்டத்துக்கும் இடமிருக்கும். அமெரிக்காவில் அதிகம் விற்கும் பெரிய பிக்கப் வண்டிகளுக்கு இதுவும் நெருக்கடியே. ஃபோர்டு எஃப்-150 வண்டியின் நான்கு கதவு வகைகள் 5.9 மீட்டர் நீளமும் இரண்டு மீட்டரை நெருங்கும் உயரமும் கொண்டவை. அவற்றின் மேல் ஒளிப்பரப்பைத் தொங்கவிடக் கூரை நான்கு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். விற்பனையகம் எவ்வகை வண்டிகளை அதிகம் விற்கிறது என்று பாராமல் கூடத்தின் அளவை முடிவு செய்வது பயனற்றது.

ஒளியமைப்பு

கூரைக்குக் கீழே ஒளி கசியும் வெண்துணியை ஒரு சட்டத்தில் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, அதற்கு மேல் எல்இடி குழல்விளக்குகளை நெருக்கமாகப் பொருத்துவது பரவலான முறை. துணிக்கும் விளக்குக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாவிட்டால் குழல்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாகப் பூச்சில் தெரியும். துணி தீயைத் தாங்கும் வகையினதாக இருத்தல் வேண்டும். ஆறு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஒளிப்பரப்பு நடுத்தர வண்டிகளுக்குப் போதும்.

விளக்குகள் யாவும் ஒரே நிறவெப்பநிலை உடையனவாக இருப்பது, அது 5000 கெல்வினா 5600 கெல்வினா என்பதை விட முக்கியமானது. இரு வகை விளக்குகள் கலந்தால் வண்டியின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். இதைப் பின்னர் கணினியில் சரிசெய்வது கடினம். நிறங்காட்டு எண் 90க்கு மேல் உள்ள விளக்குகளைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பு, மெரூன் நிற வண்டிகள் உண்மை நிறத்தில் பதியும். வெளிக்கதவின் வழியே பகலொளி புகுந்தாலும் இதே குழப்பம் நேரும்.

மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மலிவான விளக்குகள் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு வேகத்தில் மினுக்குகின்றன. 60 ஏர்ட்சு மின்சாரம் வழங்கப்படும் அமெரிக்காவில் இது நொடிக்கு 120 முறை. ஷட்டர் வேகத்தை 1/60 நொடியாக வைத்தால் இரு முழு மினுக்கங்கள் அதில் அடங்கி, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுவது தவிர்க்கப்படும். இந்தியா, இலங்கை போன்ற 50 ஏர்ட்சு நாடுகளில் இதற்கு இணையானது 1/50 நொடி.

முகப்புக் கண்ணாடியில் விழும் தெறிப்பைக் குறைக்க முனைவாக்க வடிகட்டி உதவும். கண்ணாடி, மேற்பூச்சு ஆகியவற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதால், செங்குத்திலிருந்து 56 பாகை அளவில் தெறிக்கும் ஒளி முழுமையாக முனைவாக்கம் அடைகிறது. இது புரூஸ்டர் கோணம் எனப்படும். ஆனால் இவ்வடிகட்டியை அளவாகவே பயன்படுத்த வேண்டும். தெறிப்பை முற்றிலும் நீக்கினால் வண்டி களிமண் பொம்மை போல் பொலிவிழக்கும். மேலும் பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் வெப்பமூட்டித் திடீரெனக் குளிர்வித்து உருவாக்கப்படுவதால், அவற்றுள் உறைந்துள்ள தகைவு வடிகட்டியின் வழியே கரும்புள்ளி வரிசையாகத் தெரியக்கூடும். இதைக் கண்ட வாடிக்கையாளர் கண்ணாடி பழுதானது என்று நினைக்க வாய்ப்புண்டு.

சுவர், தரை, சுழல்மேடை

பின்சுவரும் தரையும் சந்திக்கும் மூலை, ஒரு மீட்டருக்குக் குறையாத ஆரத்தில் வளைத்துப் பூசப்பட்டால் தொடுவானக் கோடு மறைந்துவிடும். தூய வெள்ளையை விட மங்கிய வெளிர்சாம்பல் வண்ணம் சிறந்தது. சுவரை மிகையாக ஒளியூட்டினால் அது வண்டியின் விளிம்புகளை விழுங்குவதோடு, வில்லைக்குள் ஒளி சிதறிப் படம் முழுவதையும் வெளுக்கச் செய்யும். தரையில் டயர் தடம் படிவதைத் தவிர்க்க முடியாது. எனவே கழுவக்கூடிய எப்பாக்சி பூச்சும் ஒரு துடைப்பானும் கட்டாயத் தேவைகள்.

சுழல்மேடை கட்டாயமன்று. ஆனால் அது இருந்தால் படக்கருவியும் விளக்கும் நகர வேண்டியதில்லை. 10 பாகைக்கு ஒன்றாக 36 படங்கள் எடுத்தால், பார்ப்பவர் சுட்டியால் இழுத்து வண்டியைச் சுழற்றிப் பார்க்கும் தொகுப்பு உருவாகிறது. 1990களின் நடுப்பகுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் குவிக்டைம் விஆர் மென்பொருள் அறிமுகப்படுத்திய பொருட்படங்களின் வழிவந்ததே இது. மேடையின் தாங்குதிறனைப் பழைய பெட்ரோல் வண்டிகளை வைத்து முடிவு செய்யக் கூடாது. மின்கலத்தின் எடையால் ஜிஎம்சி ஹம்மர் மின்வண்டி நான்கு தொன்னைக் கடந்துவிட்டது.

மூடிய அறையில் இயந்திரத்தை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்தானது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது என்பதால், அங்கிருப்பவர் மயங்கும்வரை அதை உணர்வதில்லை. புகைக்குழாயில் மாட்டி வெளியே இட்டுச்செல்லும் நெகிழ்குழலும், வெளியேற்று விசிறியும், எச்சரிக்கைக் கருவியும் விளக்குகளுக்கு முன்பே வாங்கப்பட வேண்டியவை.

படமெடுத்தல்

எஃப்/8 துளையில், 50 மில்லிமீட்டர் வில்லையை 8.5 மீட்டரில் குவித்தால் ஏறத்தாழ 4.7 மீட்டரிலிருந்து 46 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். வண்டி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். எஃப்/2.8 துளையில் இது 6.6 முதல் 11.9 மீட்டர் வரையாகச் சுருங்கி, சாய்வான கோணத்தில் முன்மூலை மங்கத் தொடங்குகிறது. முக்காலி தரையில் நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் உணர்திறனை ஐஎஸ்ஓ 100 அல்லது 200இல் வைத்துக்கொள்ளலாம். படக்கருவியின் உயரம் முகவிளக்கை விடச் சற்று மேலே, ஏறத்தாழ ஒரு மீட்டரில் அமைவது வழக்கம். சாய்வுக்கோணப் படத்தில் முன்சக்கரத்தின் வட்டு பார்ப்பவரை நோக்கும்படி திருப்பப்படும். சுழற்சிப் படத்தில் சக்கரங்கள் நேராகவே இருக்க வேண்டும்.

உட்புறம் எடுக்கையில் பின்கதவருகே நின்று, சாளரத்துக்கு ஒன்றும் இருக்கைக்கு ஒன்றுமாக வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இணைக்கப்படுகின்றன. 2013 முதல் ரிக்கோ தீட்டா போன்ற இரட்டை வில்லைக் கருவிகளும் இதற்குப் பயன்படுகின்றன. ஓடிய தூரம் காட்டும் மானியை இயந்திரம் இயங்கும்போது எடுப்பதே சரியானது. சாவியை மட்டும் திருப்பினால் எச்சரிக்கை விளக்குகள் யாவும் சோதனைக்காக ஒருமுறை எரியும். அப்போது எடுத்த படம் நல்ல வண்டியையும் பழுதானதாகக் காட்டும். இயந்திரம் இயங்கிய பின்னும் எரியும் விளக்கு உண்மையான பழுதின் அடையாளம்.

கோப்புப் பெயர்

எடுத்த படம் வேறு வண்டியின் பக்கத்தில் போய்ச் சேர்வது, மங்கலான படத்தை விடப் பெரிய பிழை. இதைத் தவிர்க்கக் கோப்புக்கு வாகன அடையாள எண்ணையே பெயராக இடுவது நல்ல முறை. 1981 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் இவ்வெண் 17 குறியீடுகளைக் கொண்டது. எண்களுடன் குழப்பம் நேராதிருக்க ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் இதில் இடம்பெறுவதில்லை. வட அமெரிக்க வண்டிகளில் ஒன்பதாவது குறியீடு சரிபார்ப்புக்கானது. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாக மாற்றப்பட்டு, இடத்துக்குரிய எடையால் பெருக்கப்பட்டு, கூட்டுத்தொகை 11ஆல் வகுக்கப்படுகிறது. மீதியே ஒன்பதாவது குறியீடு. மீதி 10 ஆனால் எக்ஸ் என எழுதப்படும். ஒரு குறியீடு பிழையாகத் தட்டச்சானால், ஒரே மதிப்புடைய ஏ, ஜே போன்றவை தமக்குள் மாறினாலொழிய, கணினி உடனே கண்டுபிடித்துவிடும். பத்து வரி நிரலால் செய்யக்கூடிய இச்சோதனை பல இடங்களில் செய்யப்படுவதில்லை.

திருத்தமும் நேர்மையும்

வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது, பின்னணியில் உள்ள கறையை அழிப்பது ஆகியவை ஏற்கத்தக்க திருத்தங்கள். கதவின் கீறலை அழிப்பது அவ்வாறன்று. பின்னணியை அழிக்கும் அதே கருவி கீறலையும் ஒரே சொடுக்கில் அழித்துவிடும் என்பதால், எல்லையைக் கருவி காக்காது. வேலை செய்பவரே காக்க வேண்டும். ஏமாற்றும் வணிகச் செயல்களை ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையச் சட்டம் 1938ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் தடை செய்கிறது. அவ்வாணையத்தின் பயன்படுத்திய தானுந்து விதி 1985 முதல் நடைமுறையில் உள்ளது. உத்தரவாதம் உண்டா, உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறதா என்று கூறும் தாளை வண்டியில் ஒட்ட வேண்டும் என்கிறது அவ்விதி. படத்துக்காக அத்தாளை எடுத்தால் வண்டியை விற்பனை வரிசையில் நிறுத்துமுன் மீண்டும் ஒட்டியாக வேண்டும்.

கீறலை மறைக்க எவரும் கணினியைத் தொட வேண்டியதுகூட இல்லை. மேற்கூறிய பெரிய ஒளிப்பரப்பு, சிறு கீறல்களைத் தானாகவே மென்மையாக்கி மறைத்துவிடுகிறது. கூடம் நன்றாக அமைந்துவிட்டால் எல்லா வண்டிகளும் உண்மையை விட நல்ல நிலையில் தெரியும் என்பதே இதன் பொருள். ஆகவே பொறுப்புள்ள விற்பனையகங்கள், ஒவ்வொரு குறையையும் சாய்வான சிறு விளக்கொன்றில் தனியே அண்மைப் படமாக எடுத்து, அளவுகோல் ஒன்றை அருகே வைத்து, தொகுப்பில் சேர்க்கின்றன. பார்ப்பவர் முன்னரே அறிந்து வாங்கிய கீறலுக்காக வண்டி திரும்பி வருவதில்லை.

அண்மைக் காலத்தில் செயற்கை அறிவுத்திறன் மென்பொருள்கள், தெருவோரம் எடுத்த படத்தின் பின்னணியை நீக்கிக் கூடத்தின் பின்னணியை ஒட்டித் தருகின்றன. இவற்றால் கூடத்தின் தேவை குறைந்துள்ளது உண்மையே. ஆயினும் பின்னணியை மாற்றினாலும் பூச்சில் பதிந்த தெருவின் பிம்பம் மாறுவதில்லை. வெண்சுவர் முன் நிற்கும் வண்டியின் கதவில் மரமும் மின்கம்பமும் தெரியும். சாளரத்தின் வழியே பக்கத்து வண்டி தெரியும். அப்பிம்பத்தையும் மென்பொருள் தானாக வரைந்து நிரப்பத் தொடங்கினால், கதவின் பரப்பு படமெடுக்கப்பட்டதாக இல்லாமல் கற்பனை செய்யப்பட்டதாக ஆகிவிடும். நெளிவும் அதனுடன் மறைந்துவிடும்.

கூடம் இல்லாதபோது

சிறிய விற்பனையகங்களுக்கு 14 மீட்டர் அறை எட்டாதது. வடகோளத்தின் மிதவெப்ப நாடுகளில், கட்டடத்தின் வடக்குச் சுவரின் நிழல் நல்ல மாற்றாகும். அங்கு நேர்வெயில் விழாமல், திறந்த வானமே பெரிய ஒளிப்பரப்பாகச் செயல்படுகிறது. மேகமூட்டமான நாளும் அவ்வாறே. சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தையும் படமெடுப்பவர் நிற்க வேண்டிய இடத்தையும் தரையில் வண்ணம் தீட்டிக் குறித்துவிட்டால், கூடத்தின் சீர்மையில் பெரும்பகுதி ஒரு டப்பா வண்ணப்பூச்சின் செலவிலேயே கிடைத்துவிடும்.